பாப்பாவை அழவிடாத தெரு

என் தங்கை அழக்கூடாது. ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது. கடலை விற்கிறவனுக்குத் தெரியும், பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தெரியும், தெருநாய்க்குக்கூடத் தெரியும் என்று நான் எரிச்சலில் சொல்வதுண்டு. நான் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை.

அந்தச் சட்டம் எப்படி வந்தது, எங்கள் அம்மா செத்த அன்றைக்கு அது எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். பொறுமையாகச் சொல்ல வராது. அதிலும் அந்த வருஷங்களை நினைத்தால் எல்லாம் பகல் தூக்கத்தில் கண்டது போல மங்கலாகத்தான் வருகிறது. வெயில் வருகிறது, பாய் வருகிறது, அவள் முதுகு வருகிறது. முன்னே எது பின்னே எது என்று நான்தான் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

நைனாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் பட்டைக் குழியில் வேலை. ஆவாரம்பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தண்ணீர் காவி நிறமாகக் கனத்துவிடும். அதில் ஆட்டுத்தோலை முக்கி, புரட்டி, மறுபடி முக்கி எடுக்க வேண்டும். கையில் முழங்கை வரை, காலில் முட்டி வரை அந்த நிறம் ஏறியிருக்கும். எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அம்மாவும் கல்யாணமான மறுமாசமே அங்கே பட்டை இடிக்கப் போய்விட்டாள். தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது.

எனக்கு ஏழு வயதாகும்போது தங்கை பிறந்தாள். அவள் உடம்பில் அங்கங்கே வெளிர் காவித் திட்டுகள் இருந்தன, பட்டைத் தண்ணீர் தெறித்துக் காய்ந்த மாதிரியே. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு பட்டை இடிக்கப் போனாயே, அது உள்ளே இறங்கிவிட்டது. அம்மா அதை அப்படியே நம்பினாள். என் உடம்பிலும் அதே மாதிரி ஆறு திட்டுகள் உண்டு. என்னைச் சுமந்தபோதும் அவள் பட்டை இடித்தவள்தானே. நைனாவின் தோளிலும் முதுகிலும்கூட இருந்தன. ஆனால் டேனரியில் வேலை செய்கிறவன் மேல் காவித் திட்டு இருந்தால் அதை யார் நின்று பார்க்கப் போகிறார்கள்? அது வேலைச் சாயம் என்று விட்டுவிட்டார்கள். அம்மா வேலையை விட்டு நின்றாள். வீட்டில் எது நடந்தாலும் என் பாவம், என் பாவம் என்று அவள் முணுமுணுப்பது எனக்குப் பழகிப் போனது.

எனக்கு அந்தத் திட்டுகள் பிடிக்கும். மத்தியானத்தில் அம்மா கூரை நிழலில் பாயை விரித்து எங்கள் இருவரையும் படுக்க வைப்பாள். தங்கையைக் குப்புறப் படுக்கச் சொல்லி, அவள் முதுகில் விரலால் வண்டி ஓட்டுவேன். தோளில் இருப்பது ஆம்பூர். முதுகு நடுவில் பெரிதாக இருப்பது திருப்பத்தூர் சந்தை. இடுப்பருகே சின்னதாக இருப்பது கலவை, எங்கள் பெரியம்மாவின் ஊர். என் விரல் மெதுவாக ஊர்ந்து போகும். வெளியே வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருக்கும், எங்கோ கூட்ஸ் வண்டி போகும், தரை லேசாக நடுங்கும். இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்டு என்பாள். கலவை வருவதற்குள் தூங்கிப் போவாள். ஒரு நாளும் அவள் கலவை போய்ச் சேர்ந்ததில்லை.

முதல் தடவை அது வந்தபோது நாங்கள் சிரித்தோம். அவளுக்கு நாலு வயது. ஊதாங்குழல் என்றால் உயிர். அம்மாவிடமிருந்து பிடுங்கி, கன்னம் உப்ப அடுப்பை ஊதுவாள். ஒரு நாள் ஊதிக்கொண்டே இருந்தவளின் வலது கையிலிருந்து குழல் நழுவி விழுந்தது. கை துணி மாதிரி தொங்கியது. அவள் அதை வேடிக்கை பார்த்தாள். கை ஊருக்குப் போய்விட்டது என்றாள். கொஞ்ச நேரத்தில் விரலை ஆட்டிக் காட்டி, வந்துவிட்டது என்றாள். பிறகு ஏதாவது கேட்டு அழுகிறபோதெல்லாம் அவள் கை ஊருக்குப் போக ஆரம்பித்தது. வேண்டுமென்றே நடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். நடிப்புதானா என்று பார்க்க அந்தக் கையைக் கிள்ளியும் இருக்கிறேன். இன்றைக்கு அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஐந்து வயது நிறைவதற்குள் காது குத்திவிட வேண்டும் என்று நாள் பார்த்தார்கள். மாமன் முறையுள்ள ஒருவர் மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் வீல் என்று கத்தினாள். இரண்டாவது காதுக்குத் தலையைத் திமிறத் திமிறப் பிடித்துக்கொண்டார்கள். மூச்சு விடாமல் அழுதாள், முகம் சிவந்தது, பிறகு பொசுக்கென்று நின்றுவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. நல்ல பிள்ளை, அழுகையை நிறுத்திவிட்டதே என்று வாயில் சர்க்கரையைப் போட்டார்கள். சர்க்கரை கரைந்து வலது கடைவாய் வழியாக ஒழுகி வந்தது. அப்போதுதான் அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது.

மூன்று நாள் அவளுக்குப் பேச்சு வரவில்லை. கண் மட்டும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். பக்கத்து வீட்டில் ஓர் உருதுக்கார அம்மா இருந்தார். சித்தியை அவர்கள் காலா என்பார்கள், நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். காலா தர்காவிலிருந்து தண்ணீர் ஓதி வாங்கி வந்து அவள் உதட்டில் தடவினார். நாலாம் நாள் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. கையும் வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. அதன் பிறகு அவளால் வலது கையால் சோற்றைப் பிசைய முடிந்ததே இல்லை. வேலூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், ஜாஸ்தி பேசமாட்டார், நன்றாகப் பார்ப்பார், உடனே கூட்டிக்கொண்டு போங்கள் என்று விரட்டியவரும் காலாதான்.

ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஜட்கா வண்டி பிடித்துப் பாலாற்றுப் பாலம் தாண்டிப் போனோம். எனக்கு அது முதல் ரயில். ஜன்னலில் பனைமரங்கள் ஓடியதும், தங்கை என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் டாட்டா காட்டியதும் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. டாக்டரம்மா நம் ஊர்ப் பெண்பிள்ளைதான், வெள்ளைக்காரி இல்லை. கண்ணாடி போட்டிருந்தார். இது எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டார். அமாவாசைக்கு அமாவாசை என்றாள் அம்மா. எனக்குப் பொறுக்கவில்லை.

"அமாவாசையும் இல்ல ஒண்ணும் இல்ல. அழுதா வருது, அடுப்பு ஊதினா வருது. சும்மா இருந்தா வர்றதில்ல" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். டாக்டரம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு பஞ்சைக் கிள்ளித் தன் உள்ளங்கையில் வைத்து, ஊது கண்ணு என்று தங்கையிடம் நீட்டினார். தங்கை சந்தோஷமாக ஊதினாள். அவர் பஞ்சைப் பார்க்கவில்லை, அவளுடைய வலது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தளர்ந்த அதே நொடியில் போதும் போதும் என்று கையை இழுத்துக்கொண்டு அவளைப் படுக்க வைத்தார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

பிறகு தங்கையின் சட்டையைத் தூக்கித் திட்டுகளைப் பார்த்தார். அம்மா பட்டைக் கதையை ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே நைனாவைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். நைனாவின் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார். அங்கே பொடிப் பொடியாகக் காவிப் புள்ளிகள். முதுகில் மெத்தென்று சின்னச் சின்னக் கட்டிகள். குழியில் கையை விடுகிறவனுக்கு அக்குளுக்குள் சாயம் எப்படி ஏறும் என்று அவர் அமைதியாகக் கேட்டார். இது உங்கள் வழியில் ரத்தத்தோடு வருவது, உங்களுக்கு வெறும் புள்ளியோடு போய்விட்டது, எல்லோருக்கும் அப்படிப் போகாது என்றார். அம்மாவைப் பார்த்துச் சொன்னதைத்தான் நான் அப்படியே மனசில் வைத்திருக்கிறேன்.

"எனக்கும் முழுசாத் தெரியாதும்மா. தலைக்கு ரத்தம் கொண்டு போற குழாய் இவளுக்குக் குறுகலா இருக்கும்னு நினைக்கிறேன். வேகமா மூச்சு வாங்கினா அது இன்னும் இறுகிடுது போல. இதுக்கு மருந்து இல்ல. இவளை அழவிடாதீங்க. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

நாங்கள் வெளியே வந்ததும் நைனாவை மட்டும் திரும்ப உள்ளே கூப்பிட்டு, இன்னொரு தடவை காது குத்தின அன்றைக்கு வந்தது மாதிரி வந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரயிலில் திரும்பினோம். குடியாத்தம் ஸ்டேஷன் தாண்டியதும், அப்போ பட்டை இல்லையா என்று அம்மா கேட்டாள். இல்லை என்றார் நைனா. அவள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ஐந்து வருஷமாக மனசுக்குள் இடித்துக்கொண்டிருந்த பட்டையை அன்றைக்குத்தான் இறக்கி வைத்தாள். அதைத் தூக்கிக்கொண்டது நைனா. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் முழுக்கைச் சட்டையோடுதான் இருப்பார். சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டார். ஏன் இப்படி வேகிறீர்கள் என்று நான் கத்துவேன். சும்மா இரு என்பார். சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். எனக்கு ஆத்திரமாக வரும். பாவமாகவும் வரும்.

இப்படித்தான் சட்டம் வந்தது. அவள் கேட்டது கிடைத்தது. பாண்டி ஆட்டத்தில் தெருப் பிள்ளைகள் வேண்டுமென்றே கோட்டை மிதித்துத் தோற்றார்கள். வாத்தியார் அவள் பக்கம் திரும்பும்போது பிரம்பை மேஜைக்கடியில் வைத்தார். சூடான எதையும் அவள் ஊதிவிடக்கூடாது என்பதால் காலா வீட்டிலிருந்து வரும் பாயசம்கூட நாலு தட்டு மாறி ஆறித்தான் வரும். வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. அவள் முன்னால் கோழி அறுக்கக்கூடாது. நாய் செத்தால் அது ஊருக்குப் போயிருக்கிறது என்று அவளிடம் சொல்ல வேண்டும். எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவளுக்கு வைத்த மாம்பழத்தை ஒரு நாள் நான் தின்றுவிட்டேன். அம்மா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், சத்தம் கேட்காமல் அடித்தாள். சத்தம் கேட்காமல் அடி வாங்கவும் நான் கற்றுக்கொண்டேன்.

ஆனால் இத்தனை செல்லத்துக்கும் அவள் கெட்டுப் போகவில்லை. கேட்டால் கிடைத்துவிடும் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் கேட்பதையே குறைத்துவிட்டாள். கடலைக்காரன் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். எங்கள் வீடு ஒரு மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. பேச்செல்லாம் தாழ்ந்த குரலில். பாத்திரத்தை வைத்தாலும் சத்தமில்லாமல். மழைக்காலத்து மத்தியானங்களில் ஓடுகளில் தண்ணீர் இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும். அவள் இடது கையால் கோலப்பொடி எடுத்துத் தரையில் ஏதாவது போட்டுக்கொண்டிருப்பாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஐந்து வருஷம் அப்படிப் போனது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே கனவுக்குள் நடந்து திரிந்தது போல இருக்கிறது. அந்த வருஷங்களில் அவளுக்கு ஒரு தடவைகூடக் கை விழவில்லை. அதை எங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தோம்.

எனக்குப் பதினேழு, அவளுக்குப் பத்து நடக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். இரண்டாம் நாள் பிதற்ற ஆரம்பித்தாள். கலவைக்கு ஆள் விட்டோம். தங்கையை நான்தான் காலா வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா இருக்கிற கோலத்தைப் பார்த்தால் அழுதுவிடுவாள், கூப்பிடும்வரை வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போனாள். ஐந்தாம் நாள் காலையில் அம்மா போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு சாவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். மூச்சு நின்ற மறுநொடி வீட்டுப் பெண் வாய்விட்டு அலற வேண்டும், அதைக் கேட்டுத்தான் தெரு ஓடிவரும். வருகிற ஒவ்வொருத்தியும் தெருமுனையிலேயே குரலெடுத்துக்கொண்டு வருவாள். வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, செத்தவளின் பெருமையெல்லாம் சொல்லி ஒப்பாரி வைப்பார்கள். வாசலில் பறை முழங்கும். அழுகைச் சத்தம் எத்தனை தெருவுக்குக் கேட்டதோ அத்தனை மரியாதை. நான் அலற வாயைத் திறந்தேன். காலா வீட்டுச் சுவர் எதிரே இருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மண்சுவர்தான், இருமினால்கூடக் கேட்கும். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

நைனாவிடம், இந்த வீட்டில் யாரும் அழக்கூடாது என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். சின்னவளை வேறு தெருவுக்குத் தூக்கிப் போய்விடலாமே என்றார். பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலா என்றேன்.

"அழாம எடுத்தா நாதியத்த பொணம்னு சொல்வாங்கம்மா. உங்கம்மா இன்னா அநாதையா?" என்றார்.

"சொல்லட்டும் நைனா" என்றேன்.

தெருமுனையில் போய் நின்றுகொண்டேன். வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சொன்னேன். தெருப் பெண்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பறை அடிக்க வந்தவர்களில் பெரியவர் கேட்டுவிட்டு, தப்புப் பறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு ஓரமாகக் குந்தினார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று நான் மூச்சு விட்டபோது ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

பெரியம்மா. காய்ச்சல் சேதி கேட்டு, ஆற்காடு வந்து, வாலாஜா ரோட்டில் ரயிலேறி, கஞ்சி வைத்துக் கொடுக்கப் பழைய அரிசி ஒரு மூட்டை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஸ்டேஷனில் ஜட்காக்காரன் சொல்லித்தான் சாவு தெரிந்திருக்கிறது. கலவை வட்டாரத்தில் அவள் அழுதால் கல்லும் கரையும் என்பார்கள், அப்படி ஒரு தொண்டை. கூந்தலை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, என் தாயே என்று இழுத்துக்கொண்டு வந்தாள். நான் ஓடினேன். ஓடிப் போய் அவள் வாயைக் கையால் பொத்தினேன். அம்மாவுக்கு மூத்தவளின் வாயை, நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க.

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். கண்ணில் தீ.

"ஏன்டி, கூடப் பொறந்தவளுக்கு நான் அழக்கூடாதா?"

"அழுங்க பெரிம்மா. ஆத்துக்குப் போய் எவ்வளவு வேணா அழுங்க. இங்க வேணாம். ஒருத்தி போய்ட்டா. இன்னொருத்தியையும் சேத்து அனுப்பணுமா?"

அவளுக்குத் தங்கையின் விஷயம் தெரியும், மறந்து போயிருந்தாள். அப்படியே புழுதியில் உட்கார்ந்தாள். அரிசி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதுகு மட்டும் ஏறி இறங்கியது, சத்தம் இல்லை. எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போலிருந்தது. விழவில்லை. கையைப் பிடித்துத் தூக்கிக் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த மாதிரி ஒரு சாவை நான் பிறகு பார்த்ததில்லை. இருபது முப்பது பெண்கள் அம்மாவைச் சுற்றி வட்டமாக, தோள்மேல் கை போட்டு, முன்னும் பின்னும் ஆடினார்கள். வாய் அசைந்தது, குரல் இல்லை. வளையல்கள் மட்டும் கலகலத்தன. அம்மா மஞ்சள் பூசிய முகத்தோடு நடுவில் படுத்திருந்தாள். எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போலிருந்தது. அந்த அமைதிக்குள் காலா தங்கையின் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

வாசலிலேயே நான் அவளை நிறுத்தி, அம்மா செத்துட்டா பாப்பா என்றேன். தெரியும் என்றாள். மூச்சை மெதுவாக விடு, என்னோடு சேர்ந்து விடு என்று சொல்லி அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒரு பெண்ணும் பிணத்தைப் பார்க்கவில்லை. முப்பது பேரும் என் கைக்குள் இருந்த அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. வாய் மூடியிருந்தது. மூச்சு ஒரே சீராக மூக்கு வழியாகப் போய் வந்தது. தேம்பல் இல்லை, விம்மல் இல்லை. எப்போது எங்கே கற்றுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் நெற்றியில் இடது கையை வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். என் கைக்குள் அவள் விரல்கள் இறுக்கமாகவே இருந்தன. கடைசிவரை விழவில்லை.

பாடையைத் தூக்கினார்கள். பறைக்காரர் தப்பை அடிக்காமலே தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. சாவு வீட்டில் அப்படி ஒரு நினைப்பு வரலாமா? வந்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும், தங்கையைக் காலாவோடு வீட்டில் விட்டுவிட்டு, பெண்கள் நாங்கள் குளிக்கப் பாலாற்றுக்குப் போனோம். மணலில் இறங்கியதும் பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்போ அழலாமா என்று கேட்பது போலிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் அந்த ஆறு தாங்கவில்லை. காலையிலிருந்து அடைத்து வைத்த முப்பது தொண்டைகளும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. அக்கரையில் மாடு மேய்த்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நானும் அழுதேன். மணலில் புரண்டு அழுதேன். என் தொண்டை கட்டிப் போனது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை அதற்குப் பிறகு பதினாறு வருஷம் இருந்தாள். ஒரு மழைநாளில் தூக்கத்திலேயே போனாள். யாரும் அவளை அழவைக்கவில்லை.

அன்றைக்கு ஆற்றிலிருந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கழுவிவிட்ட தரை இன்னும் ஈரமாக இருந்தது. அவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆற்றில் அழுதீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெரியம்மா என்னென்ன சொல்லி அழுதாள் என்று கேட்டாள்.

சொன்னேன். குரல் கட்டியிருந்ததால் கதை சொல்கிற மாதிரிதான் வந்தது. அம்மா சின்ன வயதில் கலவை ஏரியில் தாமரை பறிக்கப் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டது. பெரியம்மா கட்டின பாவாடையையே கேட்டு அடம்பிடித்தது. கல்யாணத்தன்று வண்டி ஏறும்போது திரும்பிப் பார்க்காமல் போனது. இப்போதும் அப்படியே போய்விட்டாயே என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் அப்புறம் என்றாள். எல்லாம் முடிந்தது. அவள் இடது கை விரலால் ஈரத்தரையில் ஒரு கோடு இழுத்தாள்.

"நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அதை யாரும் சொல்லல" என்றாள்.

"சொல்லு."

"நேத்து அம்மா கூப்பிட்டா. நீ தண்ணிக்குப் போயிருந்த. சுவத்துக்கு அந்தாண்டருந்து கேட்டுச்சு. பாப்பா, பாப்பான்னு மூணு தடவ கூப்பிட்டா. நான் போகல."

"ஏன் போகல?"

"போனா அழுதுடுவேன்."

இதைச் சொல்லும்போது அவள் மூச்சு ஓர் இழைகூட ஏறவில்லை. அப்படித்தான் நாங்கள் அவளை வளர்த்திருந்தோம்.